இன்னும் இருக்காம்

மாதம் பதினைந்தாம் தேதி ஆனால் முத்தமிழ்செல்வன் திருச்சிக்குப் போவான். காலை ஆறேகால் பஸ். கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். பைக்குள் ஒன்றும் இருக்காது. வெறுங்கையோடு நின்றால் கீழப்பழுவூர் நிறுத்தத்தில் யாராவது எங்கே என்று கேட்பார்கள். பை இருந்தால் அவர்களே ஒரு பதிலை வைத்துக்கொள்வார்கள். சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள் அவன்மேல் வெள்ளையாகப் பூசிவிட்டுப் போகும். தட்டிவிட்டுக்கொள்ள மாட்டான்.

ஆப்பிரிக்காவில் வந்த காய்ச்சலுக்காக மாதம் ஒரு தடவை ரத்தம் பார்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருந்தான். அம்மா சிந்தாமணி அதை நம்பினாள். பார்ப்பது ரத்தம் அல்ல என்பது அவன் மனைவி இலக்கியாவுக்கு மட்டும் தெரியும். அவளிடம் அதைச் சொல்லாமல் இருக்க வழியில்லை.

திருச்சி ஆய்வுக்கூடத்தில் போன மாதத்து முடிவைக் கையில் கொடுப்பார்கள். பிறகு ஒரு சிறிய டப்பாவைக் கொடுத்துக் கடைசி அறையைக் காட்டுவார்கள். அந்த அறைச் சுவரில் கொசு ஒழிப்புச் சுவரொட்டி ஒன்று ஒட்டியிருக்கும். அதில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். அவன் கண்ணை மூடிக்கொள்வான்.

சாயங்காலம் அவன் திரும்பும் நேரத்தில் இலக்கியா வாசல் குழாயடியில் துலக்கிய பாத்திரத்தையே திரும்பத் துலக்கிக்கொண்டிருப்பாள்.

"என்னாச்சுங்க?"

"இன்னும் இருக்காம்."

அவள் தலையை ஆட்டிவிட்டு நுரையைக் கழுவிவிடுவாள்.

*

முத்தமிழ்செல்வனுக்கு முப்பத்திரண்டு வயது. அப்பா இல்லை. பெரம்பலூரில் நர்சிங் படித்தவன். படிக்கும்போது ஊரில் "நர்சம்மா" என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களே உடம்புக்கு முடியாத நாளில் அவனைத் தேடி வந்தார்கள். நரம்பு தெரியாத கையிலும் ஒரே குத்தில் ஊசி ஏற்றுவான். அதிகம் பேச மாட்டான். பேச வேண்டிய இடத்தில் எதிராளி எதைக் கேட்க விரும்புகிறாரோ அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். அதை எல்லோரும் நல்ல குணம் என்றார்கள்.

ஆண்டிமடத்து முந்திரிக்காட்டுக் குடும்பத்தில் இலக்கியாவைப் பெண் எடுத்தார்கள். பி.எட். முடித்துவிட்டு ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி நாற்பத்தொன்றாம் நாள், ஒரு தொண்டு நிறுவனத்தின் மருத்துவமனையில் வேலை கிடைத்து விமானம் ஏறினான். போன நாட்டின் பெயர் ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை. ஆப்பிரிக்கா என்றே சொல்லிக்கொண்டார்கள்.

அவன் போன நேரத்தில் அங்கே எபோலா இருந்தது. பிறகு அடங்கியது. கூடாரங்களை மடித்து வைத்தார்கள். பிழைத்தவர்களில் லாமின் என்று ஒருவன். மருத்துவமனை வாசலில் அவனுக்குக் காவல் வேலை கொடுத்தார்கள். அவன் குணமாகி வெளியே வந்த நாளில் ஊரே வேலிக்கு வெளியே நின்று பாட்டுப் பாடியது. ரத்தத்தில் கிருமி இல்லை என்று முத்திரை போட்ட சான்றிதழை லாமின் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருப்பான். கேட்காதவர்களுக்கும் எடுத்துக் காட்டுவான்.

ஆறு மாதம் கழித்து அவன் மனைவி ஹவா காய்ச்சலோடு வந்தாள். இருபத்து மூன்று வயது. மலேரியா என்று நினைத்தார்கள். முத்தமிழ்செல்வன்தான் நரம்பு பிடித்தான், சாதாரணக் கையுறையோடு. அவள் அவன் முழங்கைமேல் வாந்தி எடுத்தாள். மூன்றாம் நாள் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தபோதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

ஹவாவுக்கு மட்டும் புரியவில்லை. அவள் எந்தப் பிணத்தையும் குளிப்பாட்டவில்லை, எந்த நோயாளி வீட்டுக்கும் போகவில்லை. "எனக்கு யார்கிட்டேயிருந்து வந்தது?" என்று கேட்டாள். உடல் முழுக்க மூடிய உடைக்குள் நின்ற முத்தமிழ்செல்வனுக்குப் பதில் தெரியும். அந்தக் கிருமி ரத்தத்தை விட்டுப் போன பிறகும் ஆணின் விந்தில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். லாமின் வேலிக்கு வெளியே சான்றிதழைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான், ஏதோ அதைக் காட்டினால் உள்ளே விடுவார்கள் என்பது போல.

"தெரியலை," என்றான் முத்தமிழ்செல்வன்.

ஐந்தாம் நாள் அவள் இறந்தாள். ஒன்பதாம் நாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டது.

*

தனி விமானத்தில் கொண்டுபோனார்கள். உள்ளே கண்ணாடிபோல ஒரு பிளாஸ்டிக் கூடாரம்; அதற்குள் அவன் மட்டும். கடல்மேல் போகும்போது முதல் விக்கல் வந்தது. அந்த நோயில் விக்கல் வந்தவர்களை அவன் பார்த்திருக்கிறான். எத்தனை பேர் நடந்து வெளியே போனார்கள் என்ற கணக்கும் தெரியும். வெளியே இருந்த மருத்துவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவனும் காட்டினான்.

ஜெர்மனியில் ஒரு நகரம். காற்றுகூட வடிகட்டாமல் வெளியேற முடியாத அறை. மஞ்சள் உடைக்குள் காற்றுக்குழாய் இரைய இரைய வருவார்கள். முகம் தெரியாது என்பதால் நெஞ்சில் கறுப்பு மையால் பெயர் எழுதியிருக்கும். அதிகம் வந்தது காத்ரின். அவள் குரல் அந்த இரைச்சலில் ஏதோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோலக் கேட்கும்.

வைத்தியம் என்பது பெரும்பாலும் தண்ணீர்தான். வயிற்றால் எட்டு லிட்டர் போனால் எட்டு லிட்டரை நரம்பு வழியே திரும்ப ஊற்ற வேண்டும். கூடவே உப்பு, பொட்டாசியம், சர்க்கரை. கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் மருந்து ஒன்றை மெதுவாக, மணிக்கணக்காக ஏற்றினார்கள். போனதையெல்லாம் வாளியில் பிடித்து அளந்து எழுதினார்கள். ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. நான்காம் நாள் கையில் ஒரு நரம்பும் கிடைக்கவில்லை. மூன்று கையுறைக்குள் இருந்த விரல்களால் காத்ரின் தடவித் தடவிப் பார்த்தாள். மூன்று தடவை குத்தினாள். நான்காவதுக்கு முன் அவன் கண்ணைத் திறந்து தன் இடது கணுக்காலைக் காட்டினான். "இங்கே. கொஞ்சம் மேலே." ஒரே குத்தில் ஏறியது. தன் உடம்பில் அவன் பிடித்துக் கொடுத்த நரம்பு அது ஒன்றுதான்.

ஆறாம் நாள் வீட்டோடு வீடியோவில் பேச வைத்தார்கள். கண்ணின் வெள்ளை முழுவதும் ரத்தம் பரவியிருந்தது.

"என்னடா கண்ணு இப்புடி செவந்து கெடக்கு? அழுதியா?" என்று கேட்டாள் சிந்தாமணி.

"ஆமாம்மா."

"அழுவாத சாமி. ஆம்பளப் புள்ள அழுவலாமா?"

அம்மாவின் தோளுக்குப் பின்னால் இலக்கியா நின்றாள். அழுத கண் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பதினாறாம் நாள் விக்கல் நின்றது. இருபத்தேழாம் நாள், வெளியே விடும்போது மருத்துவர் சொன்னார்: "ரத்தத்தில் இல்லை. யாரும் உன்னைத் தொடலாம், உன்னோடு சாப்பிடலாம். ஒரே ஒரு விஷயம்தான்." மூன்று மாதம் கழித்து விந்தைச் சோதிக்க வேண்டும். பிறகு மாதம் ஒரு தடவை. அடுத்தடுத்து இரண்டு தடவை இல்லை என்று வந்துவிட்டால் முடிந்தது. அதுவரை ஆணுறை.

"இரண்டு தடவை இல்லை என்று வந்தால் நிச்சயமாக இல்லையா?" என்று கேட்டான்.

"நம்பலாம்," என்றார் மருத்துவர்.

நிச்சயம் என்று அவர் சொல்லவில்லை என்பதை முத்தமிழ்செல்வன் கவனித்துக்கொண்டான்.

*

ஐப்பசியில் ஊர் வந்தான். முதல் மூன்று வாரம் பால்காரர் பாலை வேலிக்கல்மேல் வைத்துவிட்டுப் போனார். எதிர்வீட்டு கமலவேணி சித்தி தன் வீட்டு வாசலை மாற்றிப் பின்பக்கமாகப் புழங்கினாள். யாரும் சாகவில்லை என்று தெரிந்ததும் ஊர் திரும்பிக்கொண்டது. கூடப் படித்தவர்கள் ஃபிளெக்ஸ் அடித்து வைத்தார்கள். "எமனை வென்று ஏரிக்கரைக்குத் திரும்பிய எங்கள் மருத்துவச் சிங்கமே!" அரியலூரில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை கிடைத்தது. சிந்தாமணி அவன் சாப்பிட்ட தட்டிலேயே மிச்சத்தைப் பிசைந்து சாப்பிடுவாள். "செத்துப் பொழச்ச புள்ள எச்சிலு, அமிர்தம்," என்பாள்.

பிறகு அவள் மருமகளின் வயிற்றைப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஆணுறையை அவன் அரியலூரில் வாங்குவதில்லை. எல்லா மருந்துக்கடைக்காரர்களுக்கும் அவனைத் தெரியும். பெரம்பலூருக்குப் போய், புதிய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையில், கூட்டம் கலையும்வரை இருமல் மருந்தைப் பார்ப்பதுபோல நிற்பான். கடைக்காரர் ஒருநாள் செய்தித்தாளில் சுற்றியபடியே கேட்டார்: "புதுசா கல்யாணமா தம்பி?"

"மூணு வருஷம் ஆச்சுங்க."

"மூணு வருசத்துக்கு அப்பறமும் பெரம்பலூரு வரைக்கும் வந்து வாங்கிறீங்கன்னா, குடுத்து வெச்ச பொண்டாட்டி."

ஆணுறை டப்பாவை பீரோவில் இலக்கியாவின் முகூர்த்தப் புடவைக்கு அடியில் வைத்திருந்தார்கள்.

ஆனி மாதம் அவன் தங்கை சுவாதிக்கு ஏழாம் மாத வளைகாப்பு. சீர்த்தட்டுக் கொண்டுபோக உறவினர்கள் காலையிலேயே கூடிவிட்டார்கள். வெள்ளிக் குங்குமச் சிமிழைத் தேடி சிந்தாமணி பீரோவைத் திறந்தாள். சற்று நேரத்தில் கூடத்துக்கு வந்தாள். கையில் சிமிழ் இல்லை.

"என்னடி இது?"

இலக்கியா தட்டில் வளையலை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கமலவேணி சித்தி எட்டி டப்பாவைப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் கோயிலு கோயிலா வெளக்குப் போட்டுக்கிட்டுத் திரியறேன். நீ புடவைக்கு அடியில பூட்டுப் போட்டு வெச்சிருக்கியா?"

"அத்தை, அது..."

"நீ பேசாத. எந்த ஆம்பள சாவைப் பாத்துட்டு வந்து புள்ள வேணாம்பான்? முத்தமிழு, இங்க வா. நீ சொல்லு. யாரு வேணாம்னது?"

வாசலில் வேன் கூலி பேசிக்கொண்டிருந்த முத்தமிழ்செல்வன் உள்ளே வந்தான். அம்மாவின் கையைப் பார்த்தான். கூடத்தில் பதினைந்து பேர். உண்மையைச் சொன்னால் சுவாதியின் மாமியார் வீட்டார் பிள்ளைப்பேற்றுக்கு அவளை இங்கே அனுப்ப மாட்டார்கள். கிளினிக் வேலை போகும். கமலவேணி சித்தி மறுபடி பின்வாசலைத் திறப்பாள். இவ்வளவும் ஒரு மூச்சு நேரத்தில் அவனுக்குள் ஓடின. இலக்கியா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயமில்லாமல் பார்த்தாள், அவன் சொல்லிவிடுவான் என்று நம்பிய பார்வை.

"அவதாம்மா," என்றான். "பரிட்சை முடியட்டும்னு சொன்னா."

யாரோ சிரித்தார்கள். "பரிட்சை எழுதி கலெக்டராவப் போறாளாக்கும்," என்றாள் கமலவேணி சித்தி. இலக்கியாவின் முன்னால் இருந்த வளையல் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீ போடாத தாயி. வயித்துப் புள்ளக்காரிக்கு, புள்ள வேணாம்னவ கை ஆவாது."

வளைகாப்பு முடிந்து சுவாதியை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். அன்றைக்கு இலக்கியா அவனிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"நான் சொன்னனா?"

"எல்லாரும் நின்னாங்க. திடுதிப்புனு கேட்டாங்க. வாயில வந்துருச்சு."

"எப்ப மாத்திச் சொல்வீங்க?"

"சுவாதிக்குப் புள்ள பொறக்கட்டும்."

அவள் யோசித்தாள். பிறகு அவளே சமாதானம் சொன்னாள். "அதுக்குள்ள ரெண்டு தடவ இல்லைனு வந்துட்டா, சொல்லவே வேணாம். தானா எல்லாருக்கும் தெரியும்."

அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

பரிகாரம் என்று ஒன்றை சிந்தாமணியே முடிவு செய்தாள். பிள்ளையைத் தடுத்தவள் அம்மனிடம் தோற்றால்தான் பிள்ளை தங்கும். ஆடி மூன்றாம் வெள்ளி, செல்லியம்மன் கோயிலில் மண்சோறு. பிள்ளை வேண்டும் பெண்கள் கோயில் தரையில் சோற்றைப் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மண்டியிட்டு வாயாலேயே எடுத்துச் சாப்பிடுவார்கள். அந்த வருஷம் ஆறு பேர். மற்ற ஐந்து பேரும் அவர்களாக வேண்டிக்கொண்டு வந்தவர்கள்.

"மாட்டேன்னு சொன்னா என்ன பண்ணுவாங்க?" என்று முந்தின நாள் கேட்டாள் இலக்கியா.

"ஒரு தடவைதான. செஞ்சிரு," என்றான்.

"செய்யறேன். எனக்காக இல்ல. உங்களுக்கு சீக்கிரம் சரியாவணும்னு வேண்டிக்கிட்டு செய்யறேன்."

வெயில் ஏறிய தரை. ஈரப்புடவையோடு வந்தாள். கோயில் தரையைப் புதிதாகச் சொரசொரவென்று சிமெண்டு பூசியிருந்தார்கள். ஒரு கை சோறு, அதன்மேல் சாம்பார். மற்றவர்கள் வேகமாக முடித்துவிட்டு எழுந்தார்கள். இலக்கியாவுக்குப் பழக்கமில்லை; பருக்கைகள் உதட்டுக்கு முன்னால் நழுவி நழுவி ஓடின. துரத்திப்போனாள். முழங்காலாலேயே நகர்ந்தாள்.

"கையை ஊணாதடி," என்றாள் சிந்தாமணி. "ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது. அங்க ஒண்ணு கெடக்குது பாரு."

கீழ்உதடு தரையில் உரசிக் கிழிந்தது. சோற்றில் சிவப்பாகப் பட்டது. ஆண்கள் பக்கம் நின்றிருந்த முத்தமிழ்செல்வன் அதைப் பார்த்தான். ரத்தத்தைப் பார்த்ததும் அவன் கால் ஓர் அடி பின்னால் போனது. முன்னால் போகவில்லை. அவள் அந்தப் பருக்கைகளையும் எடுத்துச் சாப்பிட்டாள்.

"நல்லா செய்யுது உன் சம்சாரம்," என்றார் பக்கத்தில் நின்ற ஊர்க்காரர் செல்லமுத்து.

"வெயிலு ஜாஸ்திங்க," என்றான்.

*

திங்கட்கிழமை காலை அவன் குளிக்கும்போது போன் அடித்தது. இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை இலக்கியா எடுத்தாள். பேசியவன் திருச்சி ஆய்வுக்கூடத்து ஊழியன்.

"முத்தமிழ்செல்வன் சார் இருக்காருங்களா? திருச்சி லேப்லேர்ந்து."

"குளிக்கிறாரு. நான் அவரு வூட்டுக்காரிங்க. ரிசல்ட்டு வந்துருச்சுங்களா?"

"மேடம், இதெல்லாம் நான் உங்ககிட்ட சொல்லக் கூடாது. ஆனா சார்கிட்ட சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு, நீங்களாச்சும் சொல்லுங்க. மார்கழியில ஒரு தடவ, தையில ஒரு தடவ, ரெண்டும் இல்லைனு அப்பவே வந்தாச்சு. அதுக்கு அப்பறமும் அஞ்சு தடவ குடுத்துட்டாரு. அஞ்சுலயும் இல்ல. ஏன் சும்மா அனுப்புறன்னு மேல என்னைத் திட்டுறாங்க."

"தையிலயா?"

"ஆமாங்க. தைப்பொங்கல் முடிஞ்ச கையோட. ஸ்வீட்டு வாங்கித் தாங்க சார்னு நான்கூட கேட்டனே. சந்தோசமான விசயம்தான மேடம்?"

"ஆமாங்க," என்றாள். "சந்தோசம்தான்."

அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது, போன் கட்டிலின்மேல் இருந்தது. அவள் கீழே உட்கார்ந்திருந்தாள். உதட்டில் பொருக்கு.

"லேப்லேர்ந்து பேசினாங்க."

அவன் கை துண்டோடு நின்றது.

"தையிலேயே இல்லைனு வந்துருச்சாமே. ஆறு மாசமா வாசல்ல நின்னு கேக்கறேன். ஆறு மாசமா இன்னும் இருக்காம், இன்னும் இருக்காம்ன்னீங்க."

அவன் தரையில் உட்கார்ந்தான். ஹவாவைப் பற்றி அதுவரை அவளிடம் சொன்னதில்லை. அப்போது சொன்னான். எல்லாவற்றையும், முழங்கைமேல் விழுந்த வாந்தியின் சூடுவரை. "லாமினும் பேப்பர் வெச்சிருந்தான், இலக்கியா. முத்திரை போட்ட பேப்பரு. அதை ஆட்டிக்கிட்டே நின்னான். உள்ள அவ செத்துக்கிட்டு கெடந்தா."

அவள் முழுக்கக் கேட்டாள். இடையில் ஒரு தடவை அவன் கையைத் தொட்டாள்கூட.

"அந்தப் பேப்பரு ரத்தத்துக்குக் குடுத்தது. இது அதுக்கே பாத்துக் குடுத்தது. ரெண்டும் ஒண்ணா?"

"இல்ல."

"அப்பறம்?"

"பயமா இருந்துச்சு."

"பயம்னு சொல்லியிருந்தா புள்ளயே வேணாம்னு இருந்திருப்பேனே. பயப்படுற மனுசனோட இருக்க எனக்கென்ன? என்மேல ஏன் போட்டீங்க? சோத்துல ரத்தம் பட்டப்ப நீங்க பின்னால போனீங்க. நான் பாத்தேன்."

அவன் துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தான்.

"எந்திரிங்க. அத்தை அடுப்பங்கரையில இருக்காங்க. நான் பரிட்சைனு சொல்லலைன்னு சொல்லுங்க. வேற எதுவும் சொல்ல வேணாம். அது ஒண்ணு போதும் எனக்கு."

அவன் எழுந்து போனான். அவள் கதவோரம் நின்றாள். சிந்தாமணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சுவாதி பெரிய வயிற்றோடு சுவரில் சாய்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா."

"என்னப்பா?"

குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டது.

"காபி இருக்கா?"

சிந்தாமணி டம்ளரைக் கழுவ எழுந்தாள். இலக்கியா உள்ளே வந்தாள். குரலை உயர்த்தவில்லை. கோயிலில் சொல்லாததை, வளைகாப்பில் சொல்லாததை, ஒவ்வொன்றாக வைத்தாள். காய்ச்சல் போன பிறகும் எங்கே தங்கும் என்பதை. மாதாமாதம் திருச்சியில் பார்ப்பது எதை என்பதை. டப்பா யாருக்காக என்பதை. தை மாதமே இல்லை என்று வந்துவிட்டது என்பதை.

கடைசியாகச் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அதற்கு முன்பே சிந்தாமணியின் கையிலிருந்து டம்ளர் விழுந்துவிட்டது.

"இத்தனை நாளா... அவன் தட்டுல... நான்..." சேலை முந்தானையால் வாயைத் துடைத்தாள். திரும்பத் துடைத்தாள். "ஏய் சுவாதி, எந்திரி. எந்திரிச்சு வெளிய வாடி. வயித்துல புள்ளய வெச்சுக்கிட்டு இவ்ளோ நாளு இங்கயே கெடந்திருக்கியேடி."

"அத்தை, இப்ப இல்ல. தையிலேயே..."

"நீ அடுப்பை விட்டு எறங்கு. அவனுக்கு இருந்தா உனக்கு இருக்காதா? கிட்டப் போனவதான நீ? தள்ளி நில்லு. தள்ளிடி!"

இலக்கியா கணவனைப் பார்த்தாள். அவன் குனிந்து உருண்டு கிடந்த டம்ளரை எடுத்தான்.

அரைமணி நேரத்தில் சுவாதியைக் கார் வைத்து மாமியார் வீட்டுக்கு அனுப்பினார்கள். கார் ஏன் வந்தது என்று கமலவேணி சித்தி கேட்டாள். சிந்தாமணி அழுதுகொண்டே சொன்னாள். மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கிளினிக் டாக்டர் போன் செய்தார். "தப்பா எடுத்துக்காத தம்பி. ஒரு மாசம் ரெஸ்ட்டு எடு. அப்பறம் பாப்போம்." முத்தமிழ்செல்வன் ஏழு சோதனைத் தாள்களையும் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினான். இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

*

இலக்கியா ஒரு பையில் துணியும் இன்னொரு பையில் புத்தகமும் எடுத்துக்கொண்டாள். ஆண்டிமடம் போகும் பஸ்ஸுக்கு நின்றாள். அவனும் பின்னால் வந்து நின்றான். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஜெயங்கொண்டத்துக்குப் போக ஏறி உட்கார்ந்திருந்த கமலவேணி சித்தி அவளைப் பார்த்துவிட்டு, எழுந்து முன் இருக்கைக்குப் போனாள். அவளைப் பார்த்து இன்னொரு பெண்ணும் எழுந்தாள். இலக்கியாவைச் சுற்றி நான்கு இருக்கைகள் காலியாகின. நின்றுகொண்டு வந்தவர்கள்கூட உட்காரவில்லை.

கீழே நின்ற முத்தமிழ்செல்வன் அப்போதுதான் பேசினான். அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி அந்த ஊர் கேட்டதில்லை.

"சித்தி! அவளுக்கு ஒண்ணும் இல்ல! எனக்குத்தான் இருக்கு! பரிட்சைன்னு அவ சொல்லல, நான்தான் பொய் சொன்னேன். எனக்குத்தான் இருக்கு, அவளுக்கு இல்ல!"

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் விசில் ஊதுவதை நிறுத்தினான்.

இலக்கியா ஜன்னல் கம்பி வழியாகக் குனிந்தாள்.

"உங்களுக்கும் இல்ல," என்றாள். "இப்பவும் பொய்தான்."

பஸ் கிளம்பியது.

*

அவள் திரும்பி வரவில்லை. தேர்வில் தேறினாள் என்றும் தேறவில்லை என்றும் இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். சுவாதிக்கு ஆண்குழந்தை, முத்தமிழ்செல்வன் அதைப் போனில்தான் பார்த்திருக்கிறான். சிந்தாமணி மகனுக்குச் சோறு போடாமல் இல்லை. தனித் தட்டு, தனி டம்ளர். கூடத்தில் வைத்துவிட்டு, விளக்குமாற்றுக் கட்டையால் அவன் பக்கம் தள்ளிவிடுவாள். ஜெர்மனியில்கூட, மூன்று கையுறையோடாவது கையில்தான் கொடுத்தார்கள். வரவேற்ற ஃபிளெக்ஸ் வைக்கோல் போர்மேல் கிடக்கிறது. மழைக்கு நல்லது. சிங்கத்தின் பாதி முகம் போரின் சரிவில் மடிந்து தொங்கும்.

பதினைந்தாம் தேதி ஆனால் அவன் இப்போதும் திருச்சிக்குப் போகிறான். பையைக் கொண்டுபோவதில்லை, யாரும் கேட்பதில்லை. வர வேண்டாம் என்று ஆய்வுக்கூடத்து ஊழியன் பலதடவை சொல்லிப் பார்த்தான். பிறகு விட்டுவிட்டான். டப்பாவைக் கொடுக்கிறான். முத்தமிழ்செல்வன் கடைசி அறைக்குப் போய்வருகிறான்.

"போன மாசத்தது என்னாச்சு?"

"இல்ல சார்."

"நல்லா பாத்தீங்களா?"

"பாத்தோம் சார்."

"சரி. அடுத்த மாசம் வரேன்."

அவன் படி இறங்கும்வரை ஊழியன் காத்திருக்கிறான். பிறகு டப்பாவைத் திறக்காமலே பிளீச்சிங் வாளியில் போட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுகிறான்.